தொட்டியில் மிதந்த துருப்படலம்

எங்கள் இரண்டு போர்க் கிணற்றிலும் தண்ணீர் சிவப்பு. தொட்டிச் சுவரில் வழவழவென்று துருநிறப் பாசி, நீரின் மேலே எண்ணெய் போல ஒரு படலம். தென்னைக்குப் போட்ட சொட்டு நீர்க் குழாயின் துளைகள் வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். ஊக்கும் கையுமாகத் தோப்பைச் சுற்றுவேன். "காது குத்தக் கெளம்பிட்டாருங்க" என்பார்கள் எங்கள் எருத்தேன்பதி ஊர்க்காரர்கள். அவர்கள் வாய்க்கு நான் அடிமை.

மோட்டாரில் ஆயில் ஒழுகுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த மலையாளத்து அம்மாள் ஒரு குச்சியால் படலத்தைக் குத்தினார். கண்ணாடிச் சில்லு போல் உடைந்து தனித்தனியாக மிதந்தது.

"எண்ணெயானா திரும்ப ஒண்ணாச் சேரும் சேட்டா. இது சேராது. இதுக்கு ஜீவனுண்டு."

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களாம். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பில் பிழைத்து, அதைத் துருவாக்கி ஒதுக்குகின்றன. பிறகு செல்போனில் தேடிப் படித்தேன்: சதுப்பு நிலங்களில் இப்படி ஒதுங்கிய துரு காலங்காலமாகப் படிந்து, உருக்கி எடுக்கும் அளவுக்கு இரும்புத் தாதாகவே கிடக்குமாம். வேறு சமயமாக இருந்தால் வாய் பிளந்திருப்பேன். அம்மாள் வண்டியேறும்போது சொன்னது என்னை நிம்மதியாகப் படிக்க விடவில்லை.

"ஒரு போர்ல எடுத்த பைப்பைக் கழுவாம இன்னொண்ணுல எறக்கக்கூடாது. கூடவே போயிரும்."

போன வாரம்தான் இறக்கியிருந்தோம்.

பக்கத்துத் தோட்டம் என் அண்ணன் மனைவியுடையது. நங்கையா என்று கூப்பிடுவேன். எட்டு மாடு, ஒரே போர். அவருடைய மோட்டார் கருகியதும், எங்கள் பழைய போரிலிருந்து மோட்டாரையும் பைப்பையும் உருவிக் கொடுத்தேன். ஈரம் காயும்முன் இறக்கிவிடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. கழுவிக்கொண்டு நின்றால், கொடுக்க மனசில்லை என்று பேசுவார்கள்.

அம்மாள் சொல்லிப் போனபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் மாடு பார்க்கிற சாக்கில் அவர் தொட்டியை எட்டிப் பார்ப்பேன். தெளிவு. மறுநாளும் தெளிவு. சொல்லிவிடலாமா, சொல்லாமலே சரியாகிவிடுமா என்று வரப்பில் நடந்து செருப்புத் தேய்ந்தது. பத்தாம் நாள், மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுத்தது. குச்சியால் குத்தினேன். உடைந்தது, சேரவில்லை.

"ஏனுங்க கொழுந்தனாரே, பத்து நாளா எந்தொட்டியில மொகம் பாக்கறீங்க?" பின்னால் பால் சொம்போடு நங்கையா.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்ணீரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பைப்பக் கேட்டா, ஒரு ஊரையே குடிவெச்சு அனுப்பியிருக்கீங்க." சிரிக்கவில்லை. "மொத நாளே சொல்றதுக்கென்னங்க?"

கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டேன்.

"மேல எடுங்க. கழுவிப்போட்டு எறக்குங்க. ஊரு என்ன பேசுனாலுஞ் செரி."

எடுத்தோம். போருக்குள் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, பைப்பை அடி அடியாகத் தேய்த்தேன். முழுக்கப் போகாது, அடக்கித்தான் வைக்கலாம் என்றார் கிருஷி பவன் அம்மாள்.

இப்போதும் தினம் விடிந்ததும் போகிறேன். சாக்கு எதுவும் சொல்வதில்லை. தொட்டியோரம் எனக்கென்று ஒரு குச்சியைச் சொருகி வைத்திருக்கிறார் நங்கையா.