பனியனுக்குப் போகாத வீடு

மூடி திறக்கப்படாமல் திரும்பி வந்த ஒரு தூக்குப்போசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்குள் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதம், மேலே நெய், ஓரத்தில் இரண்டு சுட்ட அப்பளம். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு முதல் நாள் மதியம் எங்கள் வீட்டுக்காரம்மா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அது படியிறங்கி வந்துவிட்டது. கைப்பிடியில் நான்காக மடித்த ஒரு தாள் செருகியிருந்தது. டைப் செய்த ஆங்கிலக் கடிதம், கீழே கையெழுத்து. வீட்டுக்காரம்மா போசியையும் தாளையும் எடுத்துக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, இதுல என்னமோ எழுதியிருக்குது. படிச்சுச் சொல்லு."

நிறுவனத்தின் விதிப்படி, சரக்கு தரும் கம்பெனிகளிடமிருந்தோ அவற்றோடு தொடர்புடையவர்களிடமிருந்தோ அன்பளிப்பு எதையும் தன்னால் பெற்றுக்கொள்ள இயலாது, நல்லெண்ணத்துக்கு நன்றி. இதுதான் விஷயம். வீட்டுக்காரம்மா போசியின் மூடியைப் பார்த்தார்.

"அப்ப எஞ்சோறு பெயிலா? தொறந்துகூடப் பாக்கலியே கண்ணு. பீஸைப் பிரிச்சுப் பாக்காம ஆராச்சும் பெயிலாக்குவாங்களா?"

திருப்பூர் மண்ணரையில் ஒரு சந்து அது. ஒரே காம்பவுண்டுக்குள் முன்பக்கம் நான், பின்பக்கம் வீட்டுக்காரம்மா, பக்கத்து இரண்டு அறைகளில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண். அவரை நான் அக்கா என்பேன். கோவைப் பத்திரிகை ஒன்றுக்குத் திருப்பூரிலிருந்து செய்தி அனுப்புவது என் வேலை. மாடிக்கு வந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளமான உருவம், குட்டையாக வெட்டிய முடி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. வெளிநாட்டுக் கடைகளுக்கு இங்கிருந்து துணி வாங்கி அனுப்பும் நிறுவனத்தில் தர ஆய்வாளர். கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்து, உருப்படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பாஸ் அல்லது பெயில் என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்காக ஊரில் பலர் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள் என்பதால்தான் அந்தக் கடிதம் கட்டுக்கட்டாக அவர் பையில் இருந்தது. சந்தில் எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எனக்கு அந்தக் கடிதத்தில் ஒரு சொல்தான் உறுத்தியது: தொடர்புடையவர்கள். திருப்பூரில் பனியனோடு தொடர்பில்லாதவர் யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் ஆர்வத்தில், எங்கள் சந்தை விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். மொத்தம் பதினொரு வீடு. பால் ஊற்றுகிறவரின் மனைவி மத்தியான வேளைகளில் வீட்டில் உட்கார்ந்து துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக் கொடுத்தார். மளிகைக் கடைக்காரரின் தம்பி அட்டைப்பெட்டி சப்ளை. வீட்டுக்காரம்மாவின் குடும்பம் ஒருகாலத்தில் தறி நெய்தது. இப்போது அவருடைய மூத்த மகனுக்கு இஸ்திரி யூனிட். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார், அவராவது தேறுவார் என்று நினைத்தேன். அவருடைய இரண்டு மருமகள்களும் டெய்லர்கள். பட்டியலில் மிஞ்சியது என் வீடு மட்டுமே.

இதை நான் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது தவறோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அப்ப நீ குடுத்தா வாங்கிக்குவாங்கல்ல?" என்றார். அடுத்த நாளிலிருந்து என் அடுப்படி மேடைக்கு விதவிதமான பாத்திரங்கள் வரத் தொடங்கின. நான் அதை என் தட்டுக்கு மாற்றி மாடிக்குக் கொண்டுபோவேன். மேடம் என்னிடம் வாங்கிக்கொண்டார். நான் சப்ளையர் இல்லை.

எனக்கு அவரிடம் பிடித்தது அவர் பார்க்கும் விதம். கையில் எடுத்த ஒரு சட்டையைத் தைத்தது ஒரு ஆளா இரண்டு ஆளா என்று தையலைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் என் தட்டைத் திருப்பித் தரும்போது, "உனக்கு எத்தனை கைகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அதற்கு முந்தின நாள் அக்கா கொடுத்த கருவாட்டுக் குழம்பு போயிருந்தது. நான் கொமரலிங்கத்துக்காரி, கடலைப் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். அந்தக் குழம்பு என் கையால் வந்திருக்காது என்று ஒரு தீவு நாட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் சாப்பிட்டார். தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. விதிக்கும் பசிக்கும் நடுவே அவர் எங்கே கோடு போட்டிருந்தார் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

சிக்குன்குனியா ஊர் ஊராகப் போன வருடம், அவரும் படுத்தார். நான் அப்போது ஊரில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அக்காவின் பாய் மாடியில் விரித்திருந்தது. மேடத்துக்கு விரல் மடங்கவில்லை, கரண்டி பிடிக்க முடியவில்லை.

"நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்றார் அக்கா. "கஞ்சிய வச்சுக்கிட்டு வாயத் தொறங்கன்னேன், தொறந்தாவ. அந்தக் கடுதாசிய அன்னைக்கு யாரு தேடுனா?"

பத்து நாள் கழித்து மேடம் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். முதல் ஆய்வே அக்கா வேலை பார்த்த கம்பெனியில். சட்டைகளின் கழுத்துப்பட்டி கோணியிருந்தது. சரக்கு முழுவதையும் பெயிலாக்கிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் சந்தில் என்ன நடக்கும் என்று பார்க்க நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா ஷிப்டு முடிந்து வந்தார், முகம் கழுவினார், கஞ்சி வைத்தார், கிண்ணத்தோடு மாடிக்குக் கிளம்பினார். கோபமில்லையா என்று கேட்டேன்.

"தப்பு இருந்துச்சு, தள்ளுனாவ. அதுக்கும் இதுக்கும் என்ன? கை இன்னும் வீங்கித்தான கெடக்கு?"

ஆனால் கம்பெனியின் மேனேஜர் அப்படி நினைக்கவில்லை. மேடத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு புகார் போனது: இந்த ஆய்வாளர், தான் சோதிக்கும் கம்பெனிகளின் ஆட்களிடம் சாப்பாடும் பணிவிடையும் வாங்குகிறார். புகார் நிரூபணமானால் அவருக்கு வேலை போகும். வேலை போனால் இங்கே தங்குவதற்கான அனுமதியும் போகும். இரண்டு நாடுகளில் இதற்கு முன் வேலை பார்த்து, எங்கும் ஒரு வருடம் நிலைக்காமல், இங்கேதான் முதல்முறையாக ஒரு கட்டிலும் அலமாரியும் சொந்தமாக வாங்கியிருந்தார்.

விசாரணைக்குப் பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழர், சாந்தமானவர், கையில் ஒரு ஃபைல். எங்கள் காம்பவுண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த அம்மாவுக்கு யாராவது சாப்பாடு கொடுத்ததுண்டா என்று கேட்டார். வீட்டுக்காரம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அந்தம்மாளுக்குங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க! எங்க கையில பச்சத் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லீங்க. மொத நாளு ஆசையா ஆக்கிக் கொண்டுபோன சோத்த மூடியக்கூடத் தொறக்காமத் திருப்பி உட்டவங்க. தலக்கனம் சாஸ்திங்க."

எதிர்வீட்டுப் பெண் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டார். "சிரிக்கவே தெரியாதுங்க அவிங்களுக்கு. கொழந்தைங்க பந்து மாடியில போய் விழுந்தாக்கூட எடுத்துப் போடமாட்டாங்க."

இது அபாண்டம். அந்தப் பந்தை அவர் எத்தனை முறை எறிந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"கல்லு சார் அது," என்றார் அக்கா. "எங்க கம்பெனிச் சரக்கப் பெயிலாக்குனதே அவியதான். அவியளுக்கு நான் எதுக்கு சார் சோறு போடுதேன்?"

இப்படி ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துத் திட்டினார்கள். அரைமணி நேரத்தில் அந்த மனிதரின் தாளில் மேடத்தைப் போல வெறுக்கப்பட்ட ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை என்றாகியிருக்கும். கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பத்திரிகையில இருக்கீங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கறேன்." நான் சொன்னேன்: "எங்க வீட்டுல இருந்து போன சாப்பாட்டத்தாங்க அவங்க சாப்பிட்டிருக்காங்க." காய்ச்சல் நாட்களை ஒதுக்கிவிட்டால் அந்த வாக்கியத்தில் பொய் கிடையாது, எல்லாச் சோறும் என் வீட்டைத் தாண்டித்தான் மேலே போனது. அரசு அறிக்கைகளில் இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடுவேன்.

மேடம் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் எவ்வளவு புரிந்தனவோ தெரியாது. இறங்கி வந்து அதிகாரியிடம் ஆங்கிலத்தில், ரிப்போர்ட் வாசிக்கும் அதே குரலில் பேசினார்.

வீட்டுக்காரம்மா என் முழங்கையைப் பிடித்தார். "என்ன கண்ணு சொல்றாங்க?"

"நீங்க சொன்னது அத்தனையும் பொய்யின்னு சொல்றாங்க. எல்லா வீட்டுச் சாப்பாடும் தின்னிருக்காங்களாம். காய்ச்சல்ல அக்கா ஊட்டி உட்டதையும் சொல்லிட்டாங்க."

"அடக் கடவுளே! இத்தன பாடுபட்டுத் திட்டுனோமே!"

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "ஆமா சார்," என்றார் அக்கா. "ஊட்டுனேன். அதுக்கப்புறந்தான் எங்க சரக்கத் தள்ளுனாவ. தள்ள வேண்டிய சரக்குதான். கழுத்துப்பட்டி கோணிருக்குன்னு மொதல்ல சொன்னது நாந்தான். மேனேஜருதான் பேசாமப் பெட்டியில போடுன்னாரு." அடுத்த திங்கட்கிழமை அக்காவுக்கு அந்தக் கம்பெனியில் வேலை இல்லை. புதன்கிழமை வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அந்த வருடங்களில் திருப்பூரில் அது முடிந்தது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மேடம் வேலையில் தொடரலாம், ஒரு நிபந்தனையோடு: பனியன் தொழிலோடு தொடர்புள்ள அக்கம்பக்கம் இல்லாத வீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் மாறவேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. பெங்களூரில் உட்கார்ந்து இதை எழுதியவருக்கு இது எளிய நிபந்தனையாகத் தெரிந்திருக்கலாம்.

வீடு தேட முன்னால் நின்றவர் வீட்டுக்காரம்மா. அவருக்கு அது வாடகைக்கு இருப்பவரை இழக்கும் காரியம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த வீட்டு வாசலில் நின்றாலும், தண்ணீர் எப்படி, வாடகை எவ்வளவு என்பதற்கெல்லாம் முன்னால், "உங்க ஊட்டுல ஆராச்சும் பனியனுக்குப் போறாங்களா?" என்று கேட்பார். சிலர் வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று நினைத்து, "இருக்காங்கம்மா, எத்தன பேரு வேணும்?" என்று கேட்டார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் வீடு கிட்டத்தட்ட முடிவான நேரத்தில் உள்ளறையிலிருந்து தையல் மிஷின் சத்தம் கேட்டது. ஒரு பூசாரியின் பேரன் சாயப்பட்டறை ஏஜென்ட். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. கட்டிலை யாருக்கு விற்கலாம் என்று மேடம் என்னிடம் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

சமீபத்தில் ஒரு வேலையாக மண்ணரைக்குப் போனபோது அந்த மாடியைப் பார்த்தேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனி. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தனக்குத் தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்து, சாப்பாடு வேண்டுமா என்பதற்கு, "கானா? கானா?" என்று கத்திக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு கிண்ணம் நீண்டது. அவ்வளவு சுலபமாக அது நடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வியப்பாகக்கூட இருந்தது. பழக்கம் அப்படி.

மேடத்துக்கு அந்த ஒரு மாதக் கெடுவின் கடைசி வாரத்தில் வீடு கிடைத்தது, பல்லடத்தைத் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே. சுற்றிலும் சோளக்காடு, பக்கத்தில் பண்ணைக்காரரின் வீடு மட்டும். வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். "கோழி நாத்தந்தான் அடிக்குது. பனியன் நாத்தம் இல்ல. போதும்." மேடம் அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தார்.

குடிபோன அன்று நானும் வீட்டுக்காரம்மாவும் கூடப் போயிருந்தோம். கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தபோது பண்ணைக்காரரின் மனைவி ஓர் அட்டை முட்டையோடு வேலி ஓரமாக வந்தார். மேடம் கை நீட்டவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குக் கேள்வி தெரியும். கேட்டேன்.

"பனியனுங்களா? எங்களுக்கு ஏதுங்க? கோழியிலயே பொழுது செரியாப் போயிருதுங்க," என்று சிரித்தார் அவர். பிறகு முட்டை அட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "மாப்பிள்ளதானுங்க திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. அவரு வேற, நாங்க வேறங்க," என்றார்.

வீட்டுக்காரம்மா தீவிரமாகக் கோழிகளைப் பார்க்கத் தொடங்கினார். நான் மேடத்திடம் திரும்பி, அவர்களுக்குக் கோழி வேலைக்கே நேரம் சரியாக இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

'பனியன் கம்பெனி' என்ற சொற்கள் காதில் படாமல் திருப்பூரில் ஒருநாள்கூட வேலை பார்க்க முடியாது. மேடம் அங்கே மூன்று வருடம் வேலை பார்த்திருந்தார். மீதியையும் நான் சொல்லக் காத்திருப்பவர்போல என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். நான் குனிந்து கட்டிலின் காலைப் பிடித்தேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டி முட்டைகளை வாங்கிக்கொண்டார்.