ஊசிக்குப் பிறகு குதிக்கக் கூடாது

பேர்லினில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் இடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் விளையாட்டில் காயப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். மற்றதில் சீன வைத்தியம் படித்த டாக்டர் வலி அடங்க அக்குபங்சர் ஊசி குத்துவார். எங்களுக்குள் ஒரே சட்டம்: பயிற்சி முதலில், ஊசி கடைசியில். வலி அடங்கிய காலுக்கு எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரியாது என்பார் அவர்.

என் அறைக்கு வந்தவர்களில் ஓர் அண்ணை, நாற்பது வயதிருக்கும். உணவகச் சமையலறையில் வேலை, ஞாயிறுகளில் தமிழர் கழகத்தில் வலைக்கு மேலே குதித்து அடிக்கும் கரப்பந்து. முழங்கால் தசைநார் கிழிந்து, ஒப்பரேஷன் முடிந்து, ஏழு மாதமாக எங்களிடம் வந்தார். திரும்ப மைதானத்தில் இறங்கவேண்டும், அவருக்கு வேறு பேச்சே இல்லை.

அன்று டாக்டருக்கு வெளியே ஓர் அவசர Termin, தவிர்க்க முடியாத சந்திப்பு. ஊசியை முதலில் குத்திவிட்டு, இன்றைக்கு இவரைக் குதிக்க விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்கு. ஒருக்கா குதிச்சுப் பாக்கட்டே?"

ஜெர்மன்காரருக்கு முகத்துக்கு நேரே 'Nein' சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். தங்கச்சி என்று கூப்பிடுகிறவருக்கு 'ஏலாது' என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

"நோகுதோ அண்ணை?"

"ஒண்டும் நோகேல்லை."

வலி பூச்சியம் என்று எழுதிவிட்டு, அவரைப் பயிற்சிப் பெட்டியில் ஏற விட்டேன். பெட்டியிலிருந்து மூன்றாவது முறை குதித்தபோது முழங்காலுக்குள் ஏதோ முறிந்தது. எனக்கே கேட்டது. அவர் விழுந்த இடத்திலிருந்து சிரித்தபடி என்னைப் பார்த்தார். அப்போதும் அவருக்கு நோகவில்லை. கால் போனது எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

நடந்ததைச் சொன்னபோது டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். இன்றைக்கும் முருங்கைக்காயைக் கையால் முறிக்க என்னால் முடியாது, கத்தியால்தான் வெட்டுகிறேன்.

போன மாதம் நொய்கெல்ன் சுரங்க ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக அந்த அண்ணை இறங்கிக்கொண்டிருந்தார். கரப்பந்தை அத்தோடு விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், வெட்கமாக இருந்தது. அதற்குள் கண்டுவிட்டார். பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"நோகுதோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஒண்டும் நோகேல்லை. நீங்கள் போங்கோ, ட்ரெயின் வந்திடும்."

அவருக்குக் கீழே இன்னும் பதினொரு படிகள் இருந்தன.