பத்திராதிபரின் மகள் எந்தப் பள்ளியில் படித்தாள்

பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், எங்கள் வார்டு கவுன்சிலரம்மா வீட்டுக்கு வந்தார். வார்டில் புதிதாக ஒரு படிப்பகம் கட்டியிருந்தார்கள். அதற்குத் தன் முன்னோர் ஒருவரின் பெயரை வைக்க முடிவாகிவிட்டதாம். திறப்பு விழாவில் கொடுக்க அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வேண்டுமாம்.

“முப்பது பக்கம் போதும் அண்ணாச்சி. நல்லா புகழ்ந்து எழுதிருங்க.”

நூறு வருஷத்துக்கும் முன்னால் இரணியலிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போனவர் அந்த மனிதர். அங்கேயே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். கிணறும் குளமும் எல்லாருக்கும் பொது, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதி எழுதி, வெள்ளைக்காரர்களையும் சொந்தக்காரர்களையும் சேர்த்தே பகைத்துக்கொண்டார். பிறகு மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகி, எழுதியதையெல்லாம் அங்கே போய்ப் பேசினார். குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பழைய பத்திரிகைகள் இரணியலில் கவுன்சிலரின் தாய்மாமன் வீட்டு அலமாரியில் இருந்தன. இரண்டு வாரம் தினமும் பஸ் ஏறிப் போனேன். மாமாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். நான் ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும், கிழித்துவிடுவேனோ என்று எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஒரு செய்தியில் ‘குதிரை மேல் கலெக்டர்’ என்பது ‘கலெக்டர் மேல் குதிரை’ என்று அச்சாகியிருந்தது. அடுத்த வாரம் அதற்குத் திருத்தம் போட்டிருந்தார், செய்தியைவிட நீளமாக. நான் சிரித்ததில் மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பக்கங்களைக் காவல் காப்பதை விட்டுவிட்டு, அடுத்து என்ன என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒன்பதாம் நாள், மாமா உள்ளே தூங்கப் போயிருந்த நேரத்தில், அந்தக் கடிதம் கண்ணில் பட்டது. பத்திராதிபர் பெண் கல்விக்காகச் சட்டசபையில் முழங்கியதற்கு அடுத்த வாரத்து இதழ். ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “ஐயா, தங்கள் பேச்சு பிரமாதம். தங்கள் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?” அதன் கீழேயே அவர் பதில்: “எந்தப் பள்ளியிலும் இல்லை. கேட்டது நியாயம். ஊருக்குச் சொன்னதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.”

செல்போனில் படமெடுத்துக் கவுன்சிலருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூப்பிட்டார்.

“ஐயோ அண்ணாச்சி, இது எதுக்கு? எதிர்க்கட்சிக்காரன் வாட்ஸ்அப்ல போட்டு நாறடிச்சிருவான்.”

“யாரும் தோண்டி எடுக்கலம்மா. அவரு பத்திரிகையில அவரே போட்டதாக்கும்.”

“அவரு காலத்துல வாட்ஸ்அப் இல்லல்லா!”

புத்தகத்தில் அது வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது இல்லாவிட்டால் நான் எழுத மாட்டேன் என்று நானும் சொன்னேன். நாற்பது வருஷம் பிறருக்காக வெட்டியும் ஒட்டியும் ஓய்ந்தவன் நான். இதையாவது வெட்டாமல் விட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஆனாலும் மறுநாள் மனம் கேட்காமல் மிச்சப் பக்கங்களைப் பார்க்கப் போனேன். ஐந்து இதழ் தள்ளி, மழைச் செய்திக்கும் நெல் விலைக்கும் நடுவில் மூன்றே வரி: “நம் மகள் சென்ற திங்கட்கிழமை முதல் பள்ளிக்குப் போகிறாள். அவள் தாயார் இன்னும் நம்மோடு பேசத் தொடங்கவில்லை.”

சத்தமாக வாசித்துக் காட்டினேன். மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

“அந்த மகளாக்கும் எங்க அம்மைக்க அம்மை! படிச்சு டீச்சராகி இந்த ஊருக்கு வந்தாவ. இந்த வீட்டை வாத்தியாரம்மை வீடுன்னுதான் இப்பவும் எல்லாரும் சொல்லுவாங்க. அவங்க எப்படிப் படிச்சாங்கன்னு நாங்க ஒருத்தரும் கேட்டதே இல்ல.”

உடனே மருமகளுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். கவுன்சிலர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அந்த மூன்று வரியை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். தாயார் பேசவில்லை என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது.

“அண்ணாச்சி, கடுதாசி, பதில், இது, மூணையும் மொதப் பக்கத்துல போடுங்க. எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்.”

திறப்பு விழாவில் அந்தப் பக்கத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். குதிரைத் திருத்தத்தையும் சேர்த்து வாசித்தேன்; கூட்டம் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. கடைசியில் முன்வரிசையிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

“சார், அந்தக் கேள்வியைக் கேட்டது யாரு?”

“தெரியாதும்மா. ‘ஒரு சந்தாதாரர்’னு மட்டும் கையெழுத்து இருக்கு.”

“அப்போ அது ஒரு பொம்பளையாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டியது கவுன்சிலர்தான்.