போல்ட்டுக்கு அடியில் இருந்த நீலப் பெயிண்ட்

செவ்வாய்க்கிழமை காலை கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "கம்போங் ராஜா பட்டறை சாந்தா தவறிட்டாங்க. நாளைக்குக் காலைல எடுக்கிறாங்க." அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "யாரு, சாமி வண்டிய நிப்பாட்டுன அம்மாவா?" ஆறு பேர் ஆமாம் என்று போட்டிருந்தார்கள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

சாந்தாவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக இருந்தவன் நான். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர். எழுத்து வேலையில் தப்பு வந்தால் அடுத்தவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அந்தப் பேர்வழிதான் இதைச் சொல்கிறேன்.

சாந்தா எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் கணவரோடு பட்டறை நடத்தினார். எஞ்சின் வேலை கணவருடையது, வயரிங் முழுக்க இவருடையது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரிக்காரர்கள் நேரே இவரிடம்தான் வருவார்கள். கணவர் எழுந்து வந்தால், "நீங்க இருங்கண்ணே, அக்கா வரட்டும்" என்பார்கள். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிடுவார்.

கோயில் பிக்கப்பை ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் பழசாக வாங்கியிருந்தோம். பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மினுங்கும். இரண்டு பட்டறைகளில் பல்பு மாற்றினார்கள், ஃபியூஸ் மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சாந்தா வண்டிக்குப் பின்னால் படுத்து, விளக்கிலிருந்து வண்டியின் இரும்போடு சேரும் ஒரு சின்ன வயரைக் காட்டினார். அது சேரும் இடம் துருப்பிடித்திருந்தது. சுரண்டி முடுக்கினார், சரியாகிவிட்டது. "கரண்டு போற வழிய எல்லாரும் பாக்கிறாங்க ஐயா. திரும்பி வர்ற வழிய யாரும் பாக்கிறதில்லலா" என்றார். எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினேன். புரிந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு சாந்தா பிக்கப்புக்குப் புது பேட்டரி போட்டு, வயர்களை எல்லாம் பார்த்துக் கொடுத்தார். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. அம்மன் ஏறும் வண்டி, பானெட்டைத் திறந்தாலும் பளிச்சென்று இருக்க வேண்டாமா? பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புக்கு வரும் வயரைக் கழற்றினேன். உள்ளே முழுக்க நீலப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் அந்தப் பெயிண்டின் மேலேயே வயரை வைத்து போல்ட்டை முடுக்கினேன். "கிராணியாரே, புது வண்டி தோத்துச்சு போங்க" என்றார்கள் பார்த்தவர்கள். மனம் குளிர்ந்து போனேன்.

ஊர்வலம் மதியம் புறப்பட்டது. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவது லயத்தில் அர்ச்சனைக்காக வண்டியை நிறுத்தினோம். மறுபடி சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது, விளக்குகள் மங்கிப் போயின. அம்மனோடு வண்டியைச் சாரலில் மேட்டில் தள்ளினார்கள். கோயில் தலைவர் என் பக்கம் திரும்பி, "வயரிங் யாரு பாத்தது?" என்று கேட்டார். "கம்போங் ராஜா சாந்தா" என்றேன். கையில் மைக் இருந்தது, தோட்டம் முழுக்கக் கேட்டது. வண்டி கோயிலுக்கு வந்து சேர்வதற்குள், பொம்பளை கை பட்டதால் அம்மன் நின்றுவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை சாந்தா வந்தார். கோயில் வண்டிக் கொட்டகையில் நாங்கள் இருவர் மட்டும்தான். முன்விளக்கைப் போடச் சொன்னார். இரண்டு வயர் கட்டிய ஒரு பல்பை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, மறுமுனையை நெகட்டிவில் தொட்டார், பளிச்சென்று எரிந்தது. வண்டியின் இரும்பில் தொட்டார், அழுது வடிந்தது. உடனே போல்ட்டைக் கழற்றிக் கத்தியால் சுரண்டினார். அவர் உள்ளங்கையில் நீலச் செதில்கள் விழுந்தன.

"இது யாரு அடிச்ச பெயிண்டு ஐயா?"

"நான்தான்மா."

"பெயிண்டு கரண்டத் திரும்பி வர விடாது ஐயா. போல்ட்டு மரை வழியா மட்டும் கொஞ்சம் போயிருக்கு, அதான் அவ்ளோ தூரம் ஓடிருக்கு." கையைத் துடைத்துக்கொண்டார். "கமிட்டியில நீங்களே சொல்லிருங்க ஐயா. நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்லா."

சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே சொல்வதாகத்தான் இருந்தேன். அன்று மாலைக் கூட்டத்தில் தலைவர், இனிமேல் சாமி வண்டியைப் பெண்கள் தொடக்கூடாது என்றார். எல்லாரும் சரி என்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தீர்மானத்தை என் கையால், அழகான எழுத்தில், எழுதி வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து என் மோட்டார் சைக்கிளைக் காட்டப் பட்டறைக்குப் போனபோது சாந்தா கேட்டார். "கமிட்டியில சொல்லிட்டீங்களா ஐயா?"

"சொல்லிட்டேன்மா. எல்லாருக்கும் தெரியும்."

அதை நம்பித்தான் அடுத்த வருடம் திருவிழாவுக்கு முன்பு, நல்ல புடவை கட்டி, கருவிப் பெட்டியோடு கோயிலுக்கு வந்தார். தலைவர் வாசலிலேயே மறித்தார். "நீ வண்டியத் தொடக்கூடாதும்மா. தீர்மானம் போட்டாச்சு." சாந்தா அவரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் மாவிலைத் தோரணத்தைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன். "அம்மன் ஏறுற வண்டி, நான் தொட்டா என்னவாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது திருவிழாக்கள் நடந்தன. என் மோட்டார் கெட்டபோதெல்லாம் அவரிடம்தான் போனேன், அந்த வெட்கமும் எனக்கு இல்லை. அவர் பார்த்துக் கொடுத்தார், வீட்டில் சுகமா என்று விசாரித்தார். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை. ஒரு முறை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

புதன்கிழமை அவர் வீட்டில் கடைசி வரிசையில் நின்றேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ எப்பவும் உங்களப் பத்திச் சொல்லுவா ஐயா" என்றார். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வரியை அடித்து, காரணத்தை எழுதி, என் பெயரைப் போட்டேன். கருமாதியன்று இதைக் கோயிலில், அதே மைக்கில் வாசிக்கப் போகிறேன்.

அவர் சரிசெய்த வண்டிகள் இந்த மலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். கமிட்டியில் சொல்லிவிட்டீர்களா ஐயா?

இல்லை, சாந்தா. அன்று சொல்லவில்லை. வண்டியை நிறுத்தியவன் நான்.