தக்காளிக்கு மார்க் போட்டவள்

தக்காளிச் செடிக்கு மார்க் போடுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று நினைப்பவர்கள் மார்க்கம்மாவிடமே கேட்டுப் பார்க்கட்டும். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆராய்ச்சி நிலையத்துக் குளிர் அறையில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. நாலு டிகிரியில் மூன்று நாள் கிடந்த செடிகளை வெளியே எடுத்து, இலையைப் புரட்டி, தண்டைத் தொட்டுப் பார்த்து, நிமிர்ந்து நிற்பதற்கு ஐந்து, செத்ததற்குச் சைபர் என்று தாளில் எழுதுவாள். தாராளக் கை இல்லை. மகள் காதலித்துக் கூட்டி வந்த மாப்பிள்ளைக்கே இரண்டுதான் போட்டாள். மகள் மூன்று நாள் பேசாமல் இருந்ததால் அது இரண்டரை ஆயிற்று.

துறைத் தலைவர் வேறு ரகம். குளிர் மலையில் தானாக முளைக்கிற காட்டுத் தக்காளி ஒன்று உண்டு. எந்தக் குளிருக்கும் அசராது. பழம் சுண்டைக்காய் அளவு, வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். அதை நல்ல தக்காளியோடு கலந்து, குளிர் தாங்கும் ஜீனை மட்டும் உருவி எடுத்துவிட்டதாகத் தலைவர் மேடை மேடையாகப் பேசிவந்தார். அதற்குத் தன் பெயரின் முதல் எழுத்துகளையே வைத்தும்விட்டார். குளிர் தாங்குவது ஒற்றை ஜீன் பார்க்கிற வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு சேர்ந்து இழுக்கிற வண்டி. ஒன்றைப் பிடுங்கி வந்தால் மற்றவை அங்கேயே நின்றுவிடும். பழத்தைப் பெரிதாக்க ஆக்கச் செடி குளிரில் துவண்டது. மார்க்கம்மாவும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஒன்று, ஒன்று, சைபர் என்று எழுதித் தள்ளினாள்.

ஆனால் அவள் இன்னும் தற்காலிக ஊழியர்தான். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு தலைவரின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. முழங்கால் தேய்ந்து போன அவளுக்கு அந்தக் கையெழுத்துதான் உயிர்.

அன்று தலைவரின் ரகத்தைச் சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து ஆய்வுக் குழு வந்தது. மேஜையில் குளிர் அறையிலிருந்து எடுத்த பன்னிரண்டு தொட்டிகள். தொட்டியில் எண் மட்டும்தான் இருக்கும். எது எந்த ரகம் என்பது ஒட்டிய கவருக்குள். மார்க் போடுகிறவர் ஆசைப்பட்டுத் தில்லுமுல்லு பண்ணக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. தலைவர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி ஓரமாக வைத்தார்.

“மார்க் போட இவங்க எதுக்கு? கண்ணு இருந்தா போதும், யார் வேணா போடலாம்” என்றவர், ஜம்மென்று நின்ற ஏழாம் தொட்டியைத் தூக்கிப் பிடித்தார். “பாருங்க, இதான் என் ஜீன்! அஞ்சுக்கு அஞ்சு!”

குழுவில் இருந்த கண்ணாடிக்காரர், “கவரைப் பிரிங்கம்மா, பாத்துடலாம்” என்றார்.

பிரித்தாள். ஏழு, கடையில் வாங்கிய சாதாரணத் தக்காளி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது. குளிர் அறையில் கதவோரம் இருந்த தொட்டி. தலைவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததில் வெளிக்காற்றின் சூடு வாங்கித் தப்பித்திருக்கிறது. தலைவருடைய ரகம் நாலாம் தொட்டியில் தலை தொங்கிக் கிடந்தது.

தலைவர் கண்ணாலேயே கெஞ்சினார். ஒரே ஒரு எண்ணை மாற்றிப் படித்தால் போதும். படித்திருப்பாள்கூட. ஆனால் ‘யார் வேணா போடலாம்’ என்ற பேச்சு முள்ளாகக் குத்தியது. நியாயத்துக்காக எல்லாம் இல்லை, ரோஷத்துக்காகக் கணீரென்று உள்ளதைப் படித்தாள்.

குழு போனதும் தலைவர் கூப்பிட்டார். “கவர் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. இப்பவே கையெழுத்து போடறேன்.”

“மாறலையே சார்.”

“அப்ப மார்க் போட வேற ஆள் பாத்துக்கறேன்.”

மறுநாளிலிருந்து அவளுக்குப் பின்பக்கக் குழாயடியில் தொட்டி கழுவும் வேலை. “ஒரு நம்பர் தானே, மாத்திப் படிச்சா கொறஞ்சா போயிடுவே?” என்று கேட்ட கணவருக்கு அன்று சைபர்.

மார்க் போடத் தலைவரின் மைத்துனர் வந்து சேர்ந்தார். அவர் தாராளப் பிரபு. கழுவ வருகிற தொட்டிகளில் மார்க் எழுதிய குச்சி அப்படியே செருகியிருக்கும். கருகியதற்கு ஐந்து. கூழாகிப் போனதற்கும் ஐந்து. ஒரு தொட்டியில் விதை முளைக்கவே இல்லை, வெறும் மண். அதற்கும் ஐந்து. பதினோரு வருஷமாக இலை இலையாகப் புரட்டியதற்கு இதுதானா மரியாதை என்று அவளுக்கு அழுகை முட்டியது. பாழாய்ப்போன சிரிப்பும் கூடவே வந்தது.

ஈரக் கையோடு அந்த வெறும் மண் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தலைவர் அறைக்குள் போனாள். புது மார்க்குகளைப் பார்க்கக் கண்ணாடிக்காரரின் குழு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. கையெழுத்தாகாத உத்தரவின் மேலேயே தொட்டியை வைத்தாள்.

“அஞ்சு மார்க் சார். இது மட்டும் வாடவே இல்லை.”