வரைபடத்தில் நீலமான சந்து

நமின் எங்கள் சந்துக்குப் பதினான்கு வருடம் தலைவராக இருந்தார். சம்பளமில்லாத வேலை. பிழைப்புக்கு வாடகை பைக் ஓட்டினார்.

சந்தை ஒட்டி ஒரு கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் மாநகராட்சி, எங்கள் பக்கம் மாவட்டம். நகரம் பெருகப் பெருக, அந்தப் பக்கத்து மேட்டு வயல்களை நிரவி வீட்டுமனை போட்டார்கள். முன்பு வயலில் தேங்கிய மழைத்தண்ணீரெல்லாம் கால்வாய்க்கு வந்தது. எங்கள் சாலைக்கு அடியில் அது போகும் குழாயோ ஓர் ஆள் தவழும் அகலம்தான்.

குழாயை அகலப்படுத்தச் சொல்லி நமின் ஆறு வருடம் மனு கொடுத்தார். தண்ணீர் மாநகராட்சியிலிருந்து வருகிறது, அவர்களைக் கேளுங்கள் என்றது மாவட்டம். மாநகராட்சியில் ஓர் அதிகாரி, ஐயா என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி 'பாக்' போட்டுச் சிரித்தாராம்: "தேர்தல்ல ஓட்டு மாவட்டத்துல போட்டுட்டு, குழாயை இங்க கேக்கறீங்களே பாக் நமின்?" இதை அவரே சொல்லி எங்களோடு சிரித்தார்.

ஆறாவது வருட ஜனவரியில் மூன்று நாள் விடாத மழை. விடிகாலையில் தண்ணீர் இடுப்பளவு. அவர் மனைவி ரொக்காயாவுக்குப் பக்கவாதம், கட்டிலோடு கிடந்தாள். மூத்தவர் என்ற மரியாதையில், எங்களைப் போலவே அவளும் அவரைப் 'பாங்' என்றுதான் கூப்பிடுவாள்.

"நம்ம வீடு உயரம்தானே பாங். பக்கத்து வீட்டுப் புள்ளைங்கள முதல்ல மசூதி மாடிக்கு ஏத்துங்க. தலைவர் பொண்டாட்டியத் தூக்கிட்டு ஓடினாருன்னு பேச்சு வேணாம்."

பதினோரு பேரைத் தூக்கிப்போனார். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அதற்குள் மனைக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் இடிந்து தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வந்தது. அவர் நீந்தித் திரும்பியபோது கட்டில் கவிழ்ந்து மிதந்தது.

அதன்பிறகுதான் இரண்டு நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே திட்டம் போட்டன. இருவரும் சேர்ந்து செய்யுங்கள் என்றுதான் அவரும் இத்தனை வருடம் கேட்டார். கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். எங்கள் சந்து இருந்த இடம் நீலமாக இருந்தது. வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் குளமாம்.

"இது வந்தா கீழ்ப்பக்கத்து ஊருங்க தப்பிக்குமா?" என்று கேட்டார் நமின்.

"பெரும்பாலும் தப்பிக்கும் பாக்," என்றார் ஓர் இளம் பெண் பொறியாளர். "உங்களுக்கு அடுக்குமாடில வீடு."

முதல் கையெழுத்து அவருடையது. பிறகு தாள்களோடு வீடுவீடாக வந்தார். இங்கே இன்னொரு சாவு வேண்டாம் என்றார். பலர் கதவே திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"பொண்டாட்டியத் தண்ணிக்குக் கொடுத்தீங்க. இப்ப எங்களையும் கொடுக்க வந்துட்டீங்களா, பாங்?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த மழைக்கு முன் எல்லோரையும் காலி செய்துவிட்டார்கள். குளம் வெட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. கீழ்ப்பக்கத்து ஊர்களில் இரண்டு மழைக்காலமாக வெள்ளமில்லை. அவர் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அடுக்குமாடியில் எங்கள் சந்துக்காரர்கள் அவரோடு பேசவில்லை. மின்தூக்கிக்கு அவர் நின்றால் நான் படியேறிப் போய்விடுவேன்.

போன நோன்பு மாதத்தில் இறந்தார். அடக்கத்துக்கு ஒன்பது பேர் போனோம். மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு வருடம் இருந்தது. கேட்கவில்லை.