அறுபத்து நான்குக்கு அடுத்த பக்கம்

எல்லோரும் புத்தகத்தை மூடி வைக்கிற இடத்தில் பல்லக்கா மூடுவதில்லை. கடைசி வரிக்குப் பிறகு வரும் வெற்றுத்தாளைப் புரட்டுவார். பின்னட்டையைப் படிப்பார். அட்டைப்படம் வரைந்தவர் பெயர், அச்சகத்தின் முகவரி, விலை என்று எதையும் விடாமல் உதடு அசையப் படித்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு அதை எழுதியவர் பக்கம் திரும்பி, "முடிச்சுட்டேன்" என்பார். நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்ற பேச்சே கிடையாது. எத்தனையோ வருடங்களாக அவருடைய அந்த ஒரு சொல்லை நம்பியே எழுதிக்கொண்டிருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

பல் செட் செய்வது அவர் தொழில். அதனால் வந்த பெயர்தான் பல்லக்கா. "பல்லு போன அக்கான்னு சொல்லாத வரைக்கும் சரி" என்று சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். மூன்று பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகள் அவருடைய ஜன்னலோர மேசைக்கு வரும். அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டர் ஈறுகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். யாருடைய முகத்தையும் அவர் பார்த்ததில்லை. "இவரு ராத்திரியில பல்லை நறநறன்னு கடிக்கிறவரு. பாவம், யாரு மேல கோவமோ" என்று ஓர் அச்சைத் திருப்பிப் பார்த்துச் சொல்வார். மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்து முடித்தபின், மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல்லை மட்டும் சூடான கத்தி முனையால் துளி திருப்பிவிடுவார். "எல்லாம் ஒழுங்கா நின்னா, பார்த்ததுமே கட்டுன பல்லுன்னு தெரிஞ்சுடும். ஒண்ணாவது கொஞ்சம் கோணணும்."

பிளாஸ்டர் இறுகும்வரை கைக்கு வேலை இல்லை. அந்த நேரம்தான் படிப்பு. கூட்டத்தில் யாராவது புத்தகம் இரவல் கொடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் ஒரு வெள்ளைக் கட்டைவிரல் ரேகையோடுதான் திரும்பி வரும். யாரும் அதைத் துடைப்பதில்லை.

கூட்டம் என்பது ஞாயிறு மாலைகளில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் கூடும் ஏழெட்டுப் பேர். சுவரில் சாலைக்குறிகளின் படம், மூலையில் வண்டியே இல்லாத ஒரு ஸ்டியரிங். பள்ளியின் முதலாளிதான் கூட்டத்துக்கும் முதலாளி. தான் எழுதியதை வாசிக்கும்முன், இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். அவர் வைத்த சட்டம் அது. அவரோ ஒரே தடித்த நாவலைப் போன வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். "இன்னும் ரெண்டாவது கியர்லதான் போறேன்" என்பார். "ஹேண்ட் பிரேக்கை எடுத்தீங்களா அண்ணா?" என்று மருந்துக்கடைப் பெண் கேட்பாள். அவள் கவிதை எழுதுகிறவள்.

இப்படி எல்லோரையும் படித்த பல்லக்கா தானும் ஒரு நாவல் எழுதிவைத்திருக்கிறார் என்பது வெகு தாமதமாகத்தான் வெளியே வந்தது. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்றிடமிருந்து பதிலே இல்லை. இன்னொன்று பொறுத்திருக்கச் சொன்னது. "பொறுத்திருந்தா எனக்கே பல் செட் கட்டுற வயசு வந்துடும்" என்று சொல்லிவிட்டு, தானே அச்சிடக் கிளம்பினார். வேலை முடிந்து அச்சகத்துக்குப் போவார், காகிதத்தைத் தடவிப் பார்ப்பார், எழுத்தின் அளவுக்காகச் சண்டை போடுவார். பிழை திருத்தத் தாள்களைப் பிளாஸ்டர் மேசையில் விரித்து, கண் பூத்துப்போகும்வரை படித்தார். முன்னுரை யாரிடமும் கேட்கவில்லை, மேடை போடவில்லை. புத்தகக் கட்டுகள் வந்த அன்று ஒன்றை உருவி மோந்து பார்த்தார், அட்டையில் தன் பெயரை விரலால் தொட்டார், அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திறந்து பார்க்கவில்லை. ஊரார் புத்தகத்தில் அச்சகத்தின் முகவரியைக்கூட விடாதவர் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "தொறந்தா ஏதாவது ஒரு தப்பு கண்ணுல படும். அப்புறம் யாரு தூங்குறது?"

கதை ஒரு வீட்டைப் பற்றியது. படுக்கையில் விழுந்த மாமியார், அவரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மருமகள், வேலைக்குப் போகும் இளையவள். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில், என்ன படிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "நம்ம பல்லக்கா நாவல்தான்." நடை பிரமாதம் என்றார்கள். பயிற்சிப் பள்ளிக்காரர் ஒரு படி மேலே போனார். "அந்த எழுபதாம் பக்கம் கிட்ட ஒரு எடம் வருது பாருங்க... கண்ணு கலங்கிடுச்சு" என்று உண்மையாகவே மூக்கை உறிஞ்சினார். பல்லக்காவுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. எழுபதாம் பக்கத்தில்தான் தன் உயிரைக் கொட்டி எழுதியிருந்தார்.

அவர் குடியிருப்பது மேல்வீட்டில். கீழ்வீட்டில் மூத்த ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி. இருவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு என்றும் பெரிதாக இல்லை. தண்ணீர் வந்ததா, கதவைப் பூட்டியாயிற்றா, அவ்வளவுதான். ஓரகத்தி கதை படித்து யாரும் பார்த்ததில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருக்கும் துண்டுத்தாளை மட்டும் இரண்டு பக்கமும் படிப்பார். மரியாதைக்காக அவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது.

ஒரு நாள் காலை, மாடிப்படியில் மறித்துக்கொண்டார். கையில் புத்தகம். அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி.

"ஏண்டி, எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சின்னவ வேலையிலேர்ந்து சீக்கிரமா வீட்டுக்கு வர்றா. படி ஏறுறா. சரி. பக்கத்தைத் திருப்புனா மறுபடியும் காலையில எழுந்து பல் தேய்க்கிறா. வந்த பஸ்ஸுலயே திரும்ப ஏறுறா. என்னடி, அவளுக்கு ஞாபக மறதியா?"

பல்லக்கா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து அடுக்கித் தைப்பது அச்சகத்து வழக்கம். நாற்பத்தொன்பது முதல் அறுபத்து நான்கு வரையுள்ள மடிப்பை இரண்டு முறை வைத்துத் தைத்திருந்தார்கள். அறுபத்தைந்து முதல் எண்பது வரை இல்லவே இல்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாப் பிரதியிலும் அப்படியேதான்.

எழுபதாம் பக்கம் என்ற ஒன்றே இல்லாத புத்தகத்தைப் படித்துத்தான் ஒருவர் கண் கலங்கியிருக்கிறார்.

படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமலும் உட்கார்ந்திருந்தார். ஓரகத்திக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "எண்பத்தொண்ணைத் தொறந்தேன். வீட்டுல துக்கம். உடனே மூடிட்டேன். நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாம நான் மேல படிக்க மாட்டேன். அந்தப் பதினாறு பக்கத்தைக் கொண்டா" என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி நின்றார். "அந்தப் பெரியவ எனக்குப் புடிச்சிருக்காடி. வாய் நீளம், ஆனா நல்லவதானே?"

அந்தப் பக்கங்களில் இருந்தது நடந்த கதை. மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில், அப்போது வெளியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பல்லக்கா ஒரு நாள் மத்தியானமே வீடு திரும்பினார். மாமியாரின் அறை வெளியிலிருந்து பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து கூப்பிடும் குரல். வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓரகத்தி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார், அதுவும் சத்தமாக. பல்லக்கா அப்படியே திரும்பித் தெருவுக்குப் போய்விட்டார். நாவலில் அதை ஒரு வரி மிச்சமில்லாமல் எழுதியிருந்தார். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்: கதையில் இளையவள் போய்க் கதவைத் திறக்கிறாள்.

அச்சகத்தில் சண்டை பிடித்து, விட்டுப்போன பதினாறு பக்கங்களைத் தனிச் சிறு நூலாக அடித்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விநியோகித்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தைக்கிறப்ப சில பிரதியில மட்டும் ஒரு மடிப்பு விட்டுப்போச்சாம். உங்களுதுல சரியா இருக்கும். எதுக்கும் வச்சுக்கோங்க."

"என்னுதுல சரியாத்தான் இருந்துச்சு" என்றார் பயிற்சிப் பள்ளிக்காரர் அவசரமாக.

"அதான் தெரியுமே அண்ணா. நீங்கதான் எழுபதாம் பக்கத்தையே சொன்னீங்களே."

குத்திக்காட்டும் தொனி அதில் துளியும் இல்லை. அவர் சொன்ன "சில பிரதி" என்ற அந்தச் சின்னப் பொய்க்குள் எல்லோரும் பத்திரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஏமாந்த நேரத்தில் பிறர் மானத்தைக் காப்பாற்ற எத்தனை பேருக்குத் தோன்றும்? மருந்துக்கடைப் பெண் மட்டும் தலை நிமிரவில்லை.

ஓரகத்திக்கு உரிய நூல் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஊர்பேர் தெரியாதவர்கள் படிக்கலாம் என்று எழுதியதை, எழுதப்பட்டவரே படிக்கக் காத்திருக்கிறார். நடந்ததைத்தானே எழுதினேன் என்று ஒரு மனம். மாமியாரின் மலத்தை ஒரு நாளாவது அள்ளினாயா என்று இன்னொரு மனம்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ஓரகத்தி மேலே வந்தார். துவைத்த போர்வையை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தார்கள்.

"அந்தப் பதினாறு பக்கம் வர்றதுக்குள்ள நானே யோசிச்சுப் பார்த்துட்டேன். கதையில என்ன வருதோ தெரியாது. நான் ஒரு நாள் அவங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டேன்டி." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "வாயில ஊட்டுனேன், கையைப் புடிச்சுக் கடிச்சுட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம். எங்க திருப்பி அடிச்சுடுவேனோன்னு எனக்கே பயம் வந்துடுச்சு. வெளிய வந்து பூட்டிட்டு உக்காந்து அழுதேன். நான் அழுறது அவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு ரேடியோவைப் பெருசா வச்சேன். யாருகிட்டயும் சொன்னதில்ல."

முழங்கைக்குக் கீழே புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். பல்லக்கா அதைப் பலமுறை பார்த்திருக்கிறார். அடுப்புச் சூடு என்று நினைத்திருந்தார். இப்போது கிட்டத்தில் குனிந்து பார்த்தார். வெளிறிய சிறு பிறைபோல் ஒரு தழும்பு. வரிசையில் ஒரு பல்லின் தடம் மட்டும் துளி திரும்பியிருந்தது. அவர் கத்தியால் திருப்பிய அதே பல்.

"நீ செஞ்சு குடுத்த பல்லுதான். நல்ல உறுதி" என்று சிரித்தார் ஓரகத்தி.

அடுத்த ஞாயிறு பல்லக்கா கூட்டத்துக்கு ஒரு பையோடு போனார். "அந்தச் சின்னப் புத்தகத்துலயும் ஒரு தப்பு இருக்கு. தயவுசெஞ்சு எல்லாரும் திருப்பிக் குடுங்க." நூல்கள் கசங்காமல், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. மருந்துக்கடைப் பெண்ணுடையது மட்டும் ஓரம் மடங்கியிருந்தது. "நான் இதைப் படிச்சுட்டேன் அக்கா. மீதியை இன்னும் படிக்கல" என்றாள் மெதுவாக. "அப்ப உனக்குத்தான் ரெண்டு தடவை வேலை" என்று அவள் தோளைத் தட்டினார் பல்லக்கா.

அன்றிலிருந்து திருப்பி எழுதுகிறார். புத்தகமோ ஏற்கெனவே தைத்தாகிவிட்டது. புதிதாக எழுதுவது அறுபத்தைந்தில் தொடங்கி எண்பதில் முடிந்தாக வேண்டும், ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாசலில் இருக்கும் பெரியவள் சரியாக வந்துவிட்டாள் என்கிறார். கதவைத் திறக்காமல் திரும்பிப் போகும் சின்னவள்தான் பிடி கொடுக்கவில்லை. அவள் ஏன் போனாள் என்று எழுத உட்கார்ந்தால் பக்கம் போதவில்லை. விட்டுவிட்டால் பக்கம் மிஞ்சுகிறது. பிளாஸ்டர் இறுகிக் கல்லாகிப் போனதுகூடத் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், "என்னையேதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் கை காட்டிவிடுகிறார்.

ஓரகத்தி ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். போன வாரமும் கேட்டார், ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்குக் கிளம்பியவர் படியில் நின்று.

"வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அச்சகத்துக்காரன் உன்னை நல்லா ஏமாத்துறான். நான் வேணா வந்து நாலு வார்த்தை கேக்கட்டுமா?"

"வேணாங்க்கா. அவங்க தர வேண்டியதில்ல. நான்தான் தரணும்" என்ற பல்லக்கா, தழும்பிருந்த அந்தக் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார்.